கண்டவரும் காணப்பட்டவரும்: கொலம்பஸ் நாளும் சமய நம்பிக்கையும்

'கொலம்பஸ் அமெரிக்காவைக் கண்டுபிடித்தார்.' பள்ளிப் பருவத்தில் இத்தொடரை எழுதாதவர் நம்முள் அரியர். எழுவாய், செயப்படுபொருள், பயனிலை என மூன்றே சொற்களால் அமைந்த இத்தொடரில் இலக்கணப் பிழை ஏதுமில்லை. ஆயினும் இத்தொடருக்குள் மனிதர் ஒருவரே இருக்கிறார். அவர் கண்டவர். காணப்பட்டது ஒரு நிலம். அந்நிலத்தில் அன்று வாழ்ந்தோர்க்கு இத்தொடரில் எந்த வேற்றுமை உருபும் இடம் தரவில்லை.

அமெரிக்க ஐக்கிய நாட்டில் ஆண்டுதோறும் அக்டோபர் மாதத்து இரண்டாம் திங்கட்கிழமை கொலம்பஸ் நாளாக விடுமுறை அளிக்கப்படுகிறது. அந்நாட்டு மாநிலங்கள் சிலவும் நகரங்கள் பலவும் அதே நாளைப் பழங்குடி மக்கள் நாளாகக் கடைப்பிடிக்கின்றன. இவ்வழக்கு பெரும்பாலும் அரசியல் வழக்காகவே பேசப்படுகிறது. ஆனால் கொலம்பஸ் தம்மை இறைவனின் கருவி எனக் கருதியவர். அவரைக் கொண்டாடத் தொடங்கியோருள் பெரும்பாலோர் கத்தோலிக்கர். அவர்தம் செயல்களை முதன்முதலில் கடுமையாகக் கண்டித்தோரும் கத்தோலிக்கத் துறவியரே. எனவே, இந்நாளைச் சமய நம்பிக்கை உடைய ஒருவர் எவ்வாறு நோக்குவார் என்னும் வினா, வரலாற்றின் உள்ளிருந்தே எழும் வினா. அதனை மொழியின் வழியாக ஆராய்வது இவ்வுரையின் நோக்கம்.

பெயரிடலும் பேச்சும்

கொலம்பஸின் முதற்பெயர் ஸ்பானிய வழக்கில் கிறிஸ்தோபல். அதன் பொருள் கிறிஸ்துவைச் சுமப்பவர் என்பதாம். பிற்காலத்தில் அவர் தம் கையொப்பத்தையே இப்பொருள் தோன்றுமாறு அமைத்துக்கொண்டார். தம் கடற்பயணங்கள் திருமறை முன்னுரைத்தவற்றின் நிறைவேற்றம் என நிறுவும் பொருட்டு, 1501, 1502ஆம் ஆண்டுகளில் துறவி ஒருவரின் துணையுடன் இறைவாக்குகளைத் தொகுத்து நூலாக்கினார். புதிய நிலங்களிலிருந்து கிடைக்கும் பொன்னைக் கொண்டு எருசலேமை மீட்க வேண்டும் என்பதும் அவருடைய கனவாக இருந்தது. அவருடைய பற்று போலியானது எனத் தள்ளிவிடச் சான்றில்லை. அப்பற்று உண்மையாய் இருந்ததே நம் வினாவைக் கடினமாக்குகிறது.

1492ஆம் ஆண்டு அக்டோபர் 12ஆம் நாள் அவர் கால் பதித்த தீவுக்கு அங்கு வாழ்ந்தோர் குவானஹானி என்று பெயரிட்டிருந்தனர். கொலம்பஸ் அதற்குச் சான் சல்வதோர் என்று பெயரிட்டார். புனித மீட்பர் என்பது அதன் பொருள். 1498ஆம் ஆண்டு மூன்றாம் பயணத்தில் கண்ட பெருந்தீவுக்கு மூவொரு கடவுளின் நினைவாகத் திரினிதாத் என்று பெயர் வைத்தார். வணங்கும் உள்ளத்தோடு இட்ட பெயர்களே இவை. எனினும், ஏற்கெனவே பெயருள்ள ஊருக்குப் பெயரிடுபவர், அவ்வூரார் வைத்த பெயரைப் பெயராகவே கருதவில்லை என்பது வெளிப்படை.

அதே முதல் நாட் குறிப்பில் மொழியியலார் கடந்துசெல்ல இயலாத செய்தி ஒன்று உண்டு. தீவு மக்கள் நல்ல பணியாளர் ஆவர் என்றும், அவர்களுக்குச் சமயம் எதுவும் இருப்பதாகத் தோன்றாமையால் எளிதில் கிறித்தவர் ஆவர் என்றும் கொலம்பஸ் எழுதுகிறார். பின்னர், அவர்கள் பேசக் கற்றுக்கொள்ளும் பொருட்டு ஆறு பேரை அரசரிடம் கொண்டுசெல்லப்போவதாகக் குறிக்கிறார். பேசக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றால், அவர்கள் அன்று பேசியது என்ன? அவர்கள் பேசியது அரவாக் குடும்பத்தைச் சார்ந்த தைனோ மொழி. கொலம்பஸ் தம்முடன் அழைத்து வந்த மொழிபெயர்ப்பாளர் லூயிஸ் தெ தோரெஸ், யூத மரபிலிருந்து கிறித்தவரானவர். எபிரேயமும் ஓரளவு அரபும் அறிந்தவர். ஆசியாவை அடைவோம் என்று எண்ணிப் புறப்பட்ட கப்பலில் அவர் பொருத்தமான தேர்வே. ஆனால் கரீபியத் தீவுகளில் அம்மொழிகளால் பயன் விளையவில்லை. பேச்சு அறியாது நின்றவர் வந்தவரே.

அன்று மொழியற்றோர் எனக் கருதப்பட்ட அம்மக்களின் சொற்கள் இன்று உலகெங்கும் வழங்குகின்றன. சிறு படகைக் குறிக்கும் கனோவா என்னும் தைனோச் சொல், 1490களிலேயே நெப்ரிஹா என்னும் ஸ்பானிய இலக்கண அறிஞரின் அகராதியில் இடம்பெற்றது. தூளிப் படுக்கையைக் குறிக்கும் ஹமாக்கா, பெரும்புயலைக் குறிக்கும் ஹுராக்கான், சோளத்தைக் குறிக்கும் மஹிஸ் ஆகியனவும் அவ்வழி வந்தவையே. நம் வட்டாரத்து மலாய் மொழியில் புகையிலையைக் குறிக்கும் தெம்பாக்காவ் என்பதும் அங்கிருந்து ஐரோப்பியர் வழி வந்த சொல் எனச் சொற்பிறப்பியலார் பலர் கருதுவர்.

உள்ளிருந்து எழுந்த தீர்ப்பு

கொலம்பஸை இக்காலத்து அளவுகோலால் அளத்தல் முறையன்று என்பது அடிக்கடி கேட்கப்படும் வாதம். வரலாற்று மாணவர் மதிக்க வேண்டிய எச்சரிக்கையே இது. ஆகவே அக்காலத்து அளவுகோலையே கைக்கொள்வோம்.

1495ஆம் ஆண்டு ஹிஸ்பானியோலாத் தீவில் சிறைப்பிடிக்கப்பட்டோருள் ஐந்நூற்றுக்கும் மேற்பட்டோர் அடிமைகளாக ஸ்பெயினுக்குக் கப்பலேற்றப்பட்டனர். ஏறத்தாழ 200 பேர் கடலிலேயே மாண்டனர். தீவில் எஞ்சியோர் பொன்னைத் திறையாகச் செலுத்துமாறு கட்டாயப்படுத்தப்பட்டனர். பின்னர், மக்களையே பங்கிட்டுக் குடியேறிகளின் கீழ் வேலைக்கு ஒப்படைக்கும் என்கொமியேந்தா என்னும் முறை வேரூன்றியது. போர், பட்டினி, கடுவேலை, புதிய நோய்கள் ஆகிய நான்கும் கூடி இரண்டு தலைமுறைக்குள் அத்தீவு மக்களுள் மிகப் பெரும்பாலோரை அழித்தன.

1511ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள், கிறித்து பிறப்பை எதிர்நோக்கும் திருவருகைக் காலத்து ஞாயிறு. சாந்தோ தொமிங்கோவில் தொமினிக்கன் சபைத் துறவி அந்தோனியோ தெ மொந்தேசினோஸ் மறையுரை ஆற்ற எழுந்தார். கேட்போர் வரிசையில் தீவின் ஆளுநரும் கொலம்பஸின் மகனுமாகிய தியேகோ கொலோன் வீற்றிருந்தார். இம்மக்கள் மனிதர் அல்லரோ, இவர்களுக்குப் பகுத்தறியும் ஆன்மா இல்லையோ, எந்த உரிமையால் இவர்களை அடிமைப்படுத்துகிறீர்கள் என்னும் பொருள்பட அவர் வினவினார். அவ்வுரை ஒருவரின் திடீர்ச் சினத்தால் பிறந்ததன்று. அச்சிறு மடத்துத் துறவியர் அனைவரும் கூடி எழுதி, கையொப்பமிட்டு, பேசும் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்திருந்தனர். சினமுற்ற குடியேறிகள் மறுப்புரை கேட்டனர். அடுத்த ஞாயிறு மொந்தேசினோஸ் முன்னினும் உறுதியாக அதனையே உரைத்தார்.

அத்தீவில் தாமும் ஆள்பங்கு பெற்று வாழ்ந்த குரு ஒருவர் பார்த்தொலோமே தெ லாஸ் காசாஸ். 1514ஆம் ஆண்டு மறையுரைக்கு ஆயத்தம் செய்கையில், சீராக்கின் ஞானநூலின் 34ஆம் இயலைப் படித்தார். ஏழையிடமிருந்து பறித்ததைக் காணிக்கையாக்குவோரைக் கண்டிக்கும் பகுதி அது. தம் கீழிருந்தோரை அவர் விடுவித்தார், பின்னர்த் தொமினிக்கன் சபையில் சேர்ந்தார், சியாப்பாஸ் ஆயரானார், ஏறத்தாழ அரை நூற்றாண்டு அம்மக்களுக்காக வழக்காடினார். தொடக்கத்தில் அவர்களுக்கு மாற்றாக ஆப்பிரிக்க அடிமைகளைக் கொணரலாம் எனப் பரிந்துரைத்த பெரும்பிழையும் அவருக்கு உண்டு. பிற்காலத்தில் தம் வரலாற்று நூலிலேயே அதற்காக அவர் வருந்தினார்.

லாஸ் காசாஸிடம் நாம் கற்க வேண்டியது மற்றொன்றும் உண்டு. அவர் கொலம்பஸை வெறுத்தாரல்லர். இறைவன் தேர்ந்துகொண்டவர் எனக் கொலம்பஸைப் போற்றுகிறார். அவர் பெயரின் பொருளை வியந்து விரிக்கிறார். அதே நூலில், அவர் அம்மக்களுக்கு இழைத்த அநீதிகளை ஒளிக்காமல் எழுதுகிறார். முதற் பயணக் குறிப்பேட்டின் மூலப்படி இன்று இல்லை. நமக்குக் கிடைப்பது லாஸ் காசாஸ் தம் கைப்பட எழுதிவைத்த சுருக்கமே. கொலம்பஸைப் பாராட்டுவோரும் பழிப்போரும் எடுத்தாளும் சான்று இந்த ஒரே துறவியின் மேசையிலிருந்து வந்ததாகும்.

புலம்பெயர்ந்தோரின் விழா

இத்தகையவர்க்கு அமெரிக்காவில் விழா தோன்றியது எவ்வாறு? 1792ஆம் ஆண்டு, முந்நூறாம் ஆண்டு நிறைவு நியூயார்க், பாஸ்டன் நகரங்களில் நினைவுகூரப்பட்டது. ஆயினும் அந்நாளுக்கு உயிரூட்டியவர் 19ஆம் நூற்றாண்டில் வந்திறங்கிய கத்தோலிக்கப் புலம்பெயர்ந்தோரே. புராட்டஸ்டன்டு பெரும்பான்மை நாட்டில் ஐரிஷ், இத்தாலிய மக்கள் அன்று ஐயத்தோடும் இழிவோடும் நோக்கப்பட்டனர். திருத்தந்தைக்குக் கட்டுப்பட்டோர் அமெரிக்கக் குடியரசுக்கு உண்மையாக இருத்தல் இயலுமோ என வெளிப்படையாகவே கேட்கப்பட்டது.

1882ஆம் ஆண்டு கனெக்டிகட் மாநிலத்து நியூ ஹேவன் நகரில் மைக்கேல் மெக்கிவ்னி என்னும் பங்குக் குரு, கொலம்பஸ் வீரர்கள் எனப் பொருள்படும் சங்கத்தைத் தோற்றுவித்தார். உழைப்பாளி இறந்தால் அவர்தம் மனைவியும் மக்களும் ஆதரவற்றுப் போகாதவாறு காப்பீட்டு உதவி அளிப்பதே அதன் முதற்பணி. சங்கத்துக்குக் கொலம்பஸின் பெயரைச் சூட்டியதில் ஒரு மறுமொழி பொதிந்திருந்தது. இந்நாட்டின் தொடக்கத்திலேயே ஒரு கத்தோலிக்கர் நிற்கிறார்; எனவே நாங்கள் அயலார் அல்லர் என்பதே அது.

1891ஆம் ஆண்டு மார்ச் 14ஆம் நாள் நியூ ஆர்லின்ஸ் நகரில் வெறிக்கும்பல் ஒன்று சிறையை உடைத்து 11 இத்தாலியரைக் கொன்றது. காவல் தலைவர் கொலை வழக்கில் அவர்களுள் எவர்மீதும் குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை. மறு ஆண்டு அதிபர் பெஞ்சமின் ஹாரிசன், 400ஆம் ஆண்டு நிறைவை நாடெங்கும் கொண்டாடுமாறு அறிக்கை விடுத்தார். அதே 1892இல் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ சுற்றுமடல் வழிக் கொலம்பஸைப் புகழ்ந்து, நன்றித் திருப்பலி நிகழ்த்துமாறு ஆயர்களைக் கேட்டுக்கொண்டார். 1907இல் கொலராடோ மாநிலம் சட்டத்தால் விடுமுறை அளித்தது. 1968ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1971 முதல் இரண்டாம் திங்கட்கிழமை நாடு தழுவிய விடுமுறையாயிற்று.

வந்தேறிகள் எனத் தள்ளப்பட்டோர்க்கு இந்நாள் ஒரு கேடயமாய் இருந்தது என்பதனை மறத்தலாகாது. தோட்டத்துக்கும் துறைமுகத்துக்கும் உழைக்க வந்தவர் வழியினராகிய நமக்கு, ஒரு நாட்டின் வரலாற்றில் தம் பெயரும் எழுதப்பட வேண்டும் என்னும் ஏக்கம் புரியாததன்று. அந்த இத்தாலியப் பாட்டியின் ஊர்வலத்தை எள்ளி நகையாடுவோர் அவள் பட்ட இழிவை அறியாதோர். எனினும் அவள் பற்றிய கேடயத்தில் பொறித்திருந்த உருவம், மற்றொரு மக்களின் துயரத்தை மறைத்து நின்றது. இரண்டும் மெய்யே.

சொல் உரிமைப் பத்திரமாதல்

கண்டறிதல் என்னும் சொல் ஏட்டோடு நின்றிருந்தால் நாம் இத்துணை விரிவாகப் பேச வேண்டியதில்லை. 1493ஆம் ஆண்டு திருத்தந்தை ஆறாம் அலெக்சாண்டர் விடுத்த ஆணை, மேற்கே கண்டறியப்பட்ட நிலங்களையும் கண்டறியப்படவிருந்த நிலங்களையும் காஸ்தில் அரசுக்கு வழங்கியது. 1452, 1455ஆம் ஆண்டுகளில் போர்த்துக்கீசியருக்கும் இத்தகைய ஆணைகள் வழங்கப்பட்டிருந்தன. 1494ஆம் ஆண்டுத் தொர்தெசிலாஸ் உடன்படிக்கை, ஐரோப்பாவுக்கு வெளியே உள்ள உலகை இரு அரசுகளும் பங்கிட ஒரு கோடு வகுத்தது.

அக்கோட்டின் கீழ்ப்புறத்தில்தான் நம் வட்டாரம் வருகிறது. மொந்தேசினோஸ் மறையுரை ஆற்றிய அதே 1511ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் போர்த்துக்கீசியத் தளபதி ஆல்புகர்க் மலாக்காவைக் கைப்பற்றினார். கரீபியத் தீவும் மலாக்கா நீரிணையும் ஒரே ஏட்டின் இரு பக்கங்கள் என்பதனை நம் மாணவர் உணர்தல் நன்று.

1823இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு நிலவழக்கில் தீர்ப்பளித்தது. கண்டறிந்த ஐரோப்பிய அரசுக்கே நிலத்தின் உடைமை உரியது, பழங்குடியினர்க்குக் குடியிருக்கும் உரிமை மட்டுமே உண்டு என்பது தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் வகுத்த நெறி. இவ்வாறு ஒரு வினைச்சொல் நிலப்பட்டாவாயிற்று.

இதற்கு மாறான குரலும் திருச்சபைக்குள் ஒலித்தது. 1537இல் திருத்தந்தை மூன்றாம் பவுல், அம்மக்கள் கிறித்தவராக இல்லாவிடினும் அவர்தம் உரிமையையும் உடைமையையும் பறித்தல் ஆகாது என ஆணையிட்டார். அரசுகள் தமக்கு வாய்ப்பான ஆணையைக் கைக்கொண்டன, வாய்ப்பற்றதைப் புறக்கணித்தன. 2015இல் பொலிவியா நாட்டில் திருத்தந்தை பிரான்சிஸ், அமெரிக்கக் கண்டத்தைக் கைப்பற்றியபோது பழங்குடி மக்களுக்கு எதிராக இழைக்கப்பட்ட குற்றங்களுக்காக மன்னிப்பு வேண்டினார். 2023 மார்ச் 30ஆம் நாள் வத்திக்கான், கண்டறிதல் கோட்பாட்டைத் தான் ஏற்கவில்லை என்றும், அது கத்தோலிக்கத் திருச்சபையின் போதனையன்று என்றும் அறிவித்தது. மொந்தேசினோஸின் வினாவுக்கும் இவ்வறிவிப்புக்கும் இடையே 500 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட காலம் கடந்துவிட்டது.

ஒரு நாளுக்குப் பல பெயர்கள்

அக்டோபர் 12ஐ நாடுகள் அழைக்கும் பெயர்களே ஒரு தனி அகராதி. லத்தீன் அமெரிக்க நாடுகள் பல நெடுங்காலம் அதனை இனத்தின் நாள் என்றன. வெனிசுவேலா 2002இல் பழங்குடியினர் எதிர்ப்பு நாள் என மாற்றியது. அர்ஜென்டினா 2010இல் பண்பாட்டுப் பன்மையை மதிக்கும் நாள் எனப் பெயரிட்டது. திரினிதாத், கொலம்பஸ் வந்ததைக் குறித்த விடுமுறையை நீக்கி, 1985 முதல் அடிமை விடுதலை நாளைக் கொண்டாடுகிறது. அமெரிக்காவின் பெர்க்லி நகரம் 1992இல் பழங்குடி மக்கள் நாளை ஏற்றது. ஐந்நூறாம் ஆண்டு நிறைவை ஒட்டி, மெக்சிகோ வரலாற்றறிஞர் மிகேல் லெயோன் போர்த்தியா இரு உலகங்களின் சந்திப்பு என்னும் தொடரை முன்மொழிந்தார். கண்டறிதலை விட அது நேர்மையானது. ஆயினும் சந்திப்பு என்பது இருவரும் விரும்பிக் கூடுவது. நடந்ததோ அவ்வாறன்று என மறுத்தோரும் உளர்.

இவ்வழக்கில் நம்பிக்கையாளர் என்றதும் ஐரோப்பிய வழியினரையே எண்ணுதல் பொருந்தாது. அமெரிக்கப் பழங்குடியினருள் கிறித்தவர் பலர். மோஹாக் மரபினரான கத்தேரி தெக்கக்விதா 2012இல் புனிதராக உயர்த்தப்பட்டார். மற்றொரு புறம், 19ஆம் நூற்றாண்டில் கொலம்பஸுக்குப் புனிதர் பட்டம் வேண்டிச் சிலர் முயன்றனர். அது கைகூடவில்லை. விடுமுறைப் பட்டியல் ஒருவரை உயர்த்தியது. திருச்சபையின் புனிதர் பட்டியல் வேறொருவரை ஏற்றது.

இங்கேதான் நம்பிக்கையாளரின் நோக்கு தெளிவு பெறுகிறது. அரசு விழா வீரரைத் தேடுகிறது. வீரரின் குறை வெளிப்பட்டால் விழாவே தகர்ந்துவிடும் என அஞ்சுகிறது. சமய மரபின் நினைவுகூரல் வேறு வகையினது. அங்கே நன்றியும் உண்டு. குற்றத்தை வாய்விட்டு உரைத்தலும் உண்டு. தாவீது அரசரின் பாடலையும் பாவத்தையும் ஒரே திருமறை காக்கிறது. ஆகவே கொலம்பஸின் துணிவுக்கு வியப்பும், அவர் செயலால் மாண்டோர்க்குத் துயரும் ஒரே நெஞ்சில் இருத்தல் நம்பிக்கையாளர்க்கு முரணாகாது. அவர் செய்யலாகாதது ஒன்றே. நற்செய்தி பரவியது என்னும் பயனைக் காட்டி, அடிமைப்படுத்திய வழியை நியாயப்படுத்துதல் கூடாது. ஏழையிடம் பறித்ததைக் காணிக்கையாக்குதல் ஏற்கப்படாது என 1514இல் லாஸ் காசாஸ் படித்த பகுதி, நாடுகளின் நினைவு விழாக்களுக்கும் பொருந்தும்.

இனி, நம் தொடருக்கு வருவோம். ஸ்பானியரின் தெஸ்குப்ரீர் என்னும் வினைக்கு மூடியதைத் திறத்தல் என்பது அடிப்பொருள். தமிழில் நாம் வழங்கும் கண்டுபிடி என்பதோ, காண், பிடி என்னும் இரு வினைகள் இணைந்த கூட்டுவினை. இன்று அது ஒரே பொருள் தரும் ஒரே சொல். பகுத்துப் பார்ப்பது வழக்கன்று. ஆயினும் 1492இல் நடந்ததைக் கூறுகையில் அதனைப் பகுத்துக் காட்டல் ஆசிரியர்க்குப் பயன்படும். குவானஹானியின் கரையில் ஒருவர் கண்டார். பின்னர் பிடித்தார். முதல் வினை வியப்புக்குரியது. இரண்டாம் வினை கணக்குக் கேட்பது.

வகுப்பறையில் இத்தொடரைத் தடை செய்ய வேண்டும் என்பது நம் கருத்தன்று. 'கொலம்பஸ் 1492இல் தைனோ மக்கள் வாழ்ந்த தீவுகளைச் சென்றடைந்தார்' என்று அதன் அருகில் இன்னொரு தொடரை எழுதிவைப்போம். இரண்டையும் ஒப்பிட்டு, முதல் தொடரில் யார் இல்லை என்று மாணவரைக் கேட்போம். பதினைந்து வயது மாணவர் ஒருவர் அதற்கு விடை கூறிவிடுவார். 1511இல் சாந்தோ தொமிங்கோ ஆலயத்தில் அமர்ந்திருந்த கற்றறிந்த பெரியோர் பலர்க்கு அவ்விடை எட்டவில்லை.